மூன்று பொறிகள் பூட்டிய ரயில் எஞ்சின்: நம்பலாமா?

பெங்களூரில் ரிச்சர்ட்ஸ் டவுன் என்னும் குடியிருப்பு இரண்டு இருப்புப்பாதைகளுக்கு நடுவே அமைந்திருக்கிறது. தெற்கே, கண்டோன்மெண்ட் நிலையத்திலிருந்து பையப்பனஹள்ளி வழியாக ஜோலார்பேட்டைக்குச் செல்லும் பழைய பாதை. 1864-ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்து ரயில் முதன்முதலாகப் பெங்களூரை எட்டியது இதன் வழியேதான். வடக்கே, பாணசவாடியிலிருந்து லிங்கராஜபுரத்தை ஒட்டி ஹெப்பாளுக்கும் யஷ்வந்தபுரத்துக்கும் செல்லும் பாதை. இவ்விரு பாதைகளிலும் இன்று பெரும்பாலான வண்டிகளை மின்சார எஞ்சின்களே இழுக்கின்றன. ஆயினும் சில இரவுகளில், ஊர் அடங்கிய பின், எங்கோ ஒரு டீசல் எஞ்சின் நின்ற இடத்திலேயே நெடுநேரம் உறுமிக்கொண்டிருப்பது காதில் விழும். வண்டி நகரவில்லை, பாரம் இழுக்கப்படவில்லை, எண்ணெய் மட்டும் எரிகிறது, புகை மட்டும் எழுகிறது.

அதை ஏன் நிறுத்தி வைக்கக் கூடாது? டீசல் யந்திரங்களோடு பழகியவர்களிடம் இக்கேள்வியைக் கேட்டால், பல காரணங்களுக்கிடையே ஒரு விடை தவறாமல் வரும்: "நிறுத்தினால் மறுபடி கிளம்புமோ, கிளம்பாதோ!" இந்த ஒரு வாக்கியத்தில் இக்கட்டுரையின் பொருள் முழுவதும் அடங்கியிருக்கிறது. புகையைக் குறைப்பது ஒரு பிரச்சினை, பழுதின்றி ஓட்டுவது மற்றொரு பிரச்சினை என்று நாம் பிரித்துப் பேசி வருகிறோம். என் கருத்தில் இவ்விரண்டும் ஒன்றே. மறுபடி கிளம்பும் என்னும் நம்பிக்கை இல்லாத எஞ்சினை எவரும் நிறுத்தத் துணியமாட்டார். நிறுத்தப்படாத எஞ்சின் எவ்வளவு புதுமையானதாயினும் எதிர்பார்த்த அளவு புகையைக் குறைக்காது. பல பொறிகள் பூட்டிய குறைபுகை எஞ்சின்களின் வரலாறு இவ்வுண்மையை நன்கு விளக்குகிறது.

மேலே செல்லுமுன் ஒரு சொல் விளக்கம். வண்டியை இழுக்கும் வாகனம் முழுவதையும் "எஞ்சின்" என்றும், அதனுள்ளே டீசலை எரித்துச் சுழலும் யந்திரத்தைப் "பொறி" என்றும் இங்கு குறிப்பேன். பாரம் ஏதுமின்றிப் பொறி சும்மா சுழல்வதை "வெற்றோட்டம்" என்பேன்.

வெற்றோட்டத்தின் விலை

நம் நாட்டில் பெரும்பாலான டீசல் ரயில் எஞ்சின்களில் பொறி நேரடியாகச் சக்கரத்தைச் சுழற்றுவதில்லை. அது மின்னாக்கி ஒன்றைச் சுழற்றுகிறது. அம்மின்சாரம் அச்சுகளோடு இணைந்த மோட்டார்களை இயக்குகிறது. அமெரிக்காவின் ஆல்கோ நிறுவனத்திடமிருந்து 1962-ஆம் ஆண்டில் தருவிக்கப்பட்டு, 1964 முதல் வாராணசித் தொழிற்சாலையில் உருவாக்கப்பட்ட புகழ்பெற்ற 'டபிள்யூ.டி.எம்.-2' வகை இத்தகையதே. பதினாறு சிலிண்டர்கள் கொண்ட ஒரே பெரும் பொறி. ஆற்றல் 2600 குதிரைத்திறன். தலைமுறைகள் கடந்தும் நம் சரக்கையும் பயணிகளையும் சுமந்த உழைப்பாளி அது.

ஆனால் பெரும் பொறிக்கு ஒரு குறை உண்டு. முழுப் பாரத்தை இழுக்கையில் அது செம்மையாக எண்ணெயை எரிக்கிறது. சிறு பாரத்திலும் வெற்றோட்டத்திலும் செம்மை குன்றுகிறது. யார்டுகளில் பெட்டிகளைப் பிரித்துக் கோக்கும் ஷண்டிங் எஞ்சினின் பணி நேரத்தில் பெரும்பகுதி காத்திருப்பதிலேயே கழிகிறது. பிரேக் குழாயில் காற்றழுத்தம் குறையாதிருக்கவும், பாட்டரி இறங்காதிருக்கவும் அத்தனை நேரமும் பொறி ஓடிக்கொண்டே இருக்கும். பெரும் பொறி வெற்றோட்டத்தில் மணிக்குச் சுமார் 25 லிட்டர் டீசலைக் குடிக்கிறது என்பது நம் ரயில்வேயின் கணக்கு. அவ்வேலையை மட்டும் செய்யத் துணைப்பொறி ஒன்றைப் பொருத்தினால் மணிக்குச் சுமார் 3 லிட்டர் போதுமானது. எண்ணெய்ச் செலவு ஒருபுறம் இருக்க, நைட்ரஜன் ஆக்ஸைடுகளும் நுண்துகள்களும் கலந்த புகை, அருகிலுள்ள வீடுகளையும் பள்ளிகளையும் அடைகிறது. டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கக்கூடியது என்று உலகச் சுகாதார ஸ்தாபனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2012-ஆம் ஆண்டில் திட்டவட்டமாக அறிவித்தது. யார்டுக்கு அருகே வசிப்போருக்கு இது வெறும் ஏட்டுச் செய்தி அன்று.

சிறு பொறிகளின் யோசனை

இங்கேதான் பல பொறி எஞ்சின் என்னும் யோசனை பிறக்கிறது. ஒரு பெரும் பொறிக்குப் பதிலாக மூன்று சிறு பொறிகளைப் பூட்டுவோம். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மின்னாக்கி. சிறு பாரத்துக்கு ஒரு பொறி, நடுத்தர பாரத்துக்கு இரண்டு, ஏற்றத்தில் மூன்றும். பாரம் குறைந்ததும் தேவையற்ற பொறி தானே நின்றுவிடும். தேவை எழுந்ததும் தானே கிளம்பும். எந்தப் பொறி குறைவாக உழைத்திருக்கிறதோ அதையே முதலில் கிளப்பி, தேய்மானத்தைச் சமமாகப் பங்கிடக் கட்டுப்பாட்டுக் கணினி ஒன்று இருக்கும். ஒரு பொறி பழுதுற்றாலும் மற்ற இரண்டும் வண்டியைச் சேரிடம் சேர்க்கும். கேட்பதற்கே இனிய திட்டம்.

நம் நாட்டிலும் இதை முயன்று பார்த்தோம். பாட்டியாலாவிலுள்ள ரயில்வே தொழிற்சாலை, 2010-களின் முற்பகுதியில், தலா 800 குதிரைத்திறன் கொண்ட மூன்று கம்மின்ஸ் பொறிகளைப் பூட்டி, மொத்தம் 2400 குதிரைத்திறன் ஆற்றலுடைய 'டபிள்யூ.டி.எம்.-2ஜி' என்னும் எஞ்சினை உருவாக்கியது. ஆற்றலில் பழைய டபிள்யூ.டி.எம்.-2 வகைக்குச் சற்றே குறைந்தது. எண்ணெய்ச் சிக்கனத்திலும் புகைக் குறைப்பிலும் அதை வெல்லும் என்பது எதிர்பார்ப்பு. ஆயினும் அவ்வகை நம் பாதைகளில் பெருகவில்லை.

பல பொறி என்னும் எண்ணம் புதியதும் அன்று. அமெரிக்காவில் 1937 முதல் கால் நூற்றாண்டுக்கு மேலாக விரைவு வண்டிகளை இழுத்த 'இ' வரிசை எஞ்சின்களில் இரண்டிரண்டு பொறிகள் இருந்தன. பிரிட்டனில் லண்டனுக்கும் எடின்பரோவுக்கும் இடையே ஓடிய 'டெல்டிக்' வகையில் 22 எஞ்சின்கள் 1961, 1962-ஆம் ஆண்டுகளில் பணிக்கு வந்தன. ஒவ்வொன்றிலும் தலா 1650 குதிரைத்திறனுள்ள இரண்டு நேப்பியர் பொறிகள் இருந்தன. ஒன்று நின்றாலும் மற்றொன்றைக் கொண்டு மெதுவாகவேனும் ஊர் போய்ச் சேரலாம். ஆனால் அப்பொறிகள் நுட்பமானவை. அடிக்கடி கழற்றிச் செப்பனிட வேண்டியவை. பழுதுற்ற பொறியை எஞ்சினில் வைத்துக்கொண்டே பழுது பார்க்காமல், அப்படியே தூக்கி வெளியே எடுத்துவிட்டு, செப்பனிட்டு ஆயத்தமாயிருக்கும் மாற்றுப் பொறியைப் பொருத்தி உடனே பணிக்கு அனுப்பினார்கள். இவ்வேற்பாட்டின் துணையால் அவ்வகை இருபதாண்டுகள் உழைத்து, 1982-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஓய்வு பெற்றது. டெல்டிக்கை நம்பத்தக்கதாக ஆக்கியதில் இரண்டு பொறிகளுக்கு உள்ள பங்கு, பணிமனையில் ஆயத்தமாயிருந்த மாற்றுப் பொறிக்கும் உண்டு. இதை நாம் மனத்தில் இருத்த வேண்டும்.

அமெரிக்கா கற்ற பாடம்

குறைபுகையை முதல் நோக்கமாகக் கொண்ட பல பொறி எஞ்சின்கள் பெருமளவில் ஓடியது இந்நூற்றாண்டில் அமெரிக்காவில்தான். யூனியன் பசிபிக் ரயில்வே 2005-ஆம் ஆண்டில் தன் முதல் எஞ்சினை வெள்ளோட்டம் விட்டது. ஈராண்டுகள் கழித்து, காற்று மாசு மிகுந்த லாஸ் ஏஞ்சல்ஸ் வட்டாரத்துக்கென்றே சுமார் 60 எஞ்சின்களை வாங்கியது. தலா 700 குதிரைத்திறன் கொண்ட மூன்று பொறிகள்; சுரங்கங்களிலும் கட்டுமான யந்திரங்களிலும் பயன்படும் வகையைச் சார்ந்தவை. பழைய ஷண்டிங் எஞ்சின்களோடு ஒப்பிடுகையில் நைட்ரஜன் ஆக்ஸைடுகளும் நுண்துகள்களும் 80 விழுக்காடு வரை குறையும் என்று அன்று கூறப்பட்டது. அரசுகள் மானியம் அளித்தன; வேறு பல ரயில்வேக்களும் வாங்கின.

பத்தாண்டுகள் செல்வதற்குள் நிலைமை மாறிற்று. அவற்றுள் பல பணியிலிருந்து விலக்கி ஓரங்கட்டப்பட்டன. புதிதாக வாங்குவோர் அருகினர். வாங்கியவர்களிடமிருந்து பொதுவாக எழுந்த குறை, அவை அடிக்கடி பழுதுறுகின்றன என்பதே. அதற்கான காரணங்களை ஊகிப்பது கடினமன்று. ஒரு தொடக்க மோட்டார் இருந்த இடத்தில் மூன்று. ஓர் எண்ணெய் வடிகட்டித் தொகுதி இருந்த இடத்தில் மூன்று. குழாய்கள், உணர்விகள், மின் இணைப்புகள் யாவும் மும்மடங்கு. ஷண்டிங் எஞ்சின் நாள் முழுதும் பெட்டிகளோடு மோதி மோதி இணைகிறது. அந்த அதிர்ச்சி ஒவ்வோர் இணைப்பையும் தளர்த்துகிறது. ரயில் எஞ்சினின் பெரும் பொறியோ மெதுவாகச் சுழல்வது, கனமானது, இத்தகைய அதிர்ச்சிக்கென்றே வடிக்கப்பட்டது. சிறு பொறிகள் வேகமாகச் சுழல்பவை. அவற்றின் எண்ணெய் தெளிப்பான்கள் மிக உயர்ந்த அழுத்தத்தில் இயங்குபவை. எண்ணெயில் சிறிது நீரோ தூசியோ கலந்தாலும் பொறுக்காதவை. இவற்றைப் பேணப் பழைய பயிற்சி மட்டும் போதாது. பழைய கருவிப் பெட்டியும் போதாது.

இதற்கிடையே மாற்று வழி ஒன்றும் வலுப்பெற்றது. 2008-ஆம் ஆண்டு அமெரிக்கச் சுற்றுச்சூழல் விதிகள், புதிய எஞ்சின்களிலும் புதுப்பிக்கப்படும் எஞ்சின்களிலும் வெற்றோட்டத்தைத் தானே நிறுத்தும் சாதனம் இருக்க வேண்டும் என்றன. பொதுவாக 30 நிமிடங்களுக்கு மேல் வேலையின்றி ஓடினால் பொறி நின்றுவிடும். பாட்டரி இறங்கினாலோ காற்றழுத்தம் குறைந்தாலோ தானே மீண்டும் கிளம்பும். ஒரே பொறியை வைத்துக்கொண்டும் வெற்றோட்டத்தை ஒழிக்கலாம் என்பது இதனால் தெளிவாயிற்று. நம் ரயில்வேயின் துணைப்பொறிகளும் இந்த நெறியைச் சார்ந்தவையே.

கணக்கு கூறுவது என்ன?

மூன்று இருந்தால் ஒன்றைவிட நம்பகமானது என்னும் எண்ணம் இயல்பானது. அது எவ்வளவு மெய் என்பதை ஓர் எளிய கணக்கால் காணலாம். கீழ்வரும் எண்கள் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை. எந்த எஞ்சினின் அளவீடும் அல்ல.

ஒவ்வொரு சிறு பொறியும் 100 நாட்களில் 90 நாட்கள் ஒழுங்காக இயங்கும் எனக் கொள்வோம். ஒன்றின் பழுது மற்றொன்றைத் தொடாது என்றும் கொள்வோம். மூன்றும் ஒருசேர நலமாயிருக்கும் நாட்கள் 0.9 x 0.9 x 0.9 என்னும் பெருக்கலின்படி 100-க்கு 72.9. குறைந்தது இரண்டாவது இயங்கும் நாட்கள் 100-க்கு 97.2. இரண்டு பொறிகள் இருந்தால் அன்றைய பணி நடக்கும் எனில், 100-க்கு 97 நாட்களுக்கு மேல் வண்டி ஓடும். 100-க்கு 95 நாட்கள் இயங்கும் ஒற்றைப் பெரும் பொறியைவிட இது மேலானது. இதுவரை பல பொறிக்கே வெற்றி.

ஆனால் அதே கணக்கைச் செப்பனிடும் தொழிலாளியின் பக்கமிருந்து பாருங்கள். ஒற்றைப் பொறி 100 நாட்களில் 5 நாட்கள் மட்டுமே அவரை அழைத்தது. மூன்று பொறிகளுள் ஏதேனும் ஒன்றாவது பழுதாயிருக்கும் நாட்கள் 100-க்கு 27. வண்டி நடுவழியில் நிற்பது குறைந்தது. பணிமனையில் வேலை ஐந்து மடங்குக்கு மேல் பெருகியது. பணிமனையின் ஆட்பலமும் உதிரிப் பாகங்களும் அதற்கேற்பப் பெருகவில்லை எனில் என்ன ஆகும்? பழுதுற்ற பொறி, "இன்னும் இரண்டு இருக்கின்றனவே" என்னும் ஆறுதலில் அப்படியே விடப்படும். அதன் பின் அந்த எஞ்சின் உண்மையில் இரண்டு பொறி எஞ்சின். இரண்டும் இயங்கியாக வேண்டிய நிலையில் அதன் நம்பகத்தன்மை 0.9 x 0.9, அதாவது 100-க்கு 81 நாட்கள். ஒற்றைப் பொறியைவிட மிகத் தாழ்ந்த நிலைக்கு, எவரும் அறியாமலேயே, அது இறங்கிவிடுகிறது.

இன்னொன்றும் உண்டு. மூன்று பொறிகளுக்கும் பொதுவான கட்டுப்பாட்டுக் கணினி 100-க்கு 97 நாட்கள்தான் ஒழுங்காயிருக்கும் எனில், 97.2-ஐ 0.97-ஆல் பெருக்க வேண்டும். விடை சுமார் 94.3. ஒற்றைப் பொறியின் 95-ஐவிடக் குறைவு! பொதுவான ஓர் உறுப்பின் சிறு குறை, மூன்று பொறிகளால் வந்த ஆதாயம் முழுவதையும் விழுங்கிவிட்டது. மூன்று மாடுகளை ஒரே முளையில் கட்டி, முளை பிடுங்கிக்கொண்டால் மூன்றுமே ஓடிப்போகும் என்பதை நம் உழவர்கள் அறிவார்கள்.

வீட்டு வாசலில் ஓர் உதாரணம்

இதை நான் ஏட்டில் கற்றதைக்காட்டிலும் எங்கள் தெருவில் கற்றது அதிகம். ரிச்சர்ட்ஸ் டவுனில் நான் குடியிருக்கும் அடுக்குமாடிக் கட்டடத்தில் பழைய டீசல் ஜெனரேட்டர் ஒன்று இருந்தது. பெரியது, சத்தமும் புகையும் மிகுந்தது. பக்கத்து வீட்டார் முறையிட்டதன் பேரில், அதை எடுத்துவிட்டுப் பாதித் திறனுள்ள இரண்டைப் பொருத்தினோம். மின்சாரம் போனால் ஒன்று கிளம்பும். பாரம் கூடினால் மற்றொன்று சேரும். "இனி இருளே இல்லை" என்று மகிழ்ந்தோம்.

அடுத்த மழைக்காலத்தில் ஓர் இரவு மின்சாரம் போயிற்று. முதல் ஜெனரேட்டர் கிளம்பிச் சில நிமிடங்களில் நின்றது. இரண்டாவது கிளம்பி அதுவும் நின்றது. முதியவர் ஒருவர் முக்கால் மணி நேரம் லிஃப்டில் சிக்கியிருந்தார். மறுநாள் பார்த்ததில், இரண்டுக்கும் பொதுவான எண்ணெய்த் தொட்டியில் மழைநீர் இறங்கியிருந்தது. இரண்டு யந்திரங்கள் வாங்கிய நாங்கள் ஒரே தொட்டியை வைத்திருந்தோம்.

அதைவிட வருத்தமான செய்தி ஒன்று பின்னால் தெரிந்தது. எட்டு நாட்களுக்கு முன்பே எங்கள் காவலாளி தம் பதிவேட்டில், "இரண்டாவது மெஷின் இருமுகிறது" என்று எழுதி வைத்திருந்தார். பொறியியல் படிக்காத ஒருவர், எண்ணெயில் நீர் கலந்ததன் அறிகுறியை மிகச் சரியாகவே குறித்திருக்கிறார். விளக்கு எரிந்துகொண்டிருந்ததால் அதை எவரும் படிக்கவில்லை. படித்திருக்க வேண்டியவர்களுள் நானும் ஒருவன்.

நம்பிக்கையே புகைவடிகட்டி

இப்பொழுது தொடங்கிய இடத்துக்கு வருவோம். மூன்று பொறி எஞ்சின் ஒன்று யார்டில் நிற்கிறது. அதன் சிக்கனமும் தூய்மையும் முழுக்க முழுக்க ஒரு செயலைப் பொறுத்தவை: தேவையற்ற பொறிகள் நிற்க வேண்டும். சென்ற வாரம் இரண்டாவது பொறி கிளம்பாமல் வண்டி ஒரு மணி நேரம் தாமதமாயிற்று என்று வைத்துக்கொள்வோம். அதை அனுபவித்த ஓட்டுநர் இன்று என்ன செய்வார்? மூன்றையும் ஓடவிட்டே வைத்திருப்பார். அவரைக் குறை கூற முடியுமா? தாமதத்துக்கு விளக்கம் தர வேண்டியவர் அவர். வெற்றோட்டத்தில் எரிந்த எண்ணெய்க்கு அவரிடம் எவரும் விளக்கம் கேட்பதில்லை. ஆகவே தூய எஞ்சின் என்று வாங்கியது, ஒன்றுக்கு மூன்று பொறிகள் சும்மா ஓடும் எஞ்சினாகிறது. விலைப் பட்டியலில் இருந்த 80 விழுக்காட்டுக் குறைப்பில் எவ்வளவு காற்றில் மெய்யாயிற்று என்பதை, அந்த ஓட்டுநரின் மனத்திலுள்ள நம்பிக்கையே தீர்மானிக்கிறது.

எனவே இத்தகைய எஞ்சின்களை மதிப்பிடும் அளவுகோலையே நாம் மாற்ற வேண்டும் என்பது என் துணிபு. நடுவழியில் எத்தனை முறை நின்றது என்று மட்டும் எண்ணுவது பல பொறி எஞ்சினுக்குப் பொருந்தாது. ஒரு பொறி இறந்தாலும் வண்டி ஓடும் ஆதலால் அவ்வெண் எப்போதும் அழகாகவே தோன்றும். மூன்று எண்களை உடன் எழுத வேண்டும். முதலாவது, நிறுத்திய பொறி முதல் முயற்சியிலேயே எத்தனை முறை கிளம்பியது என்பது. இரண்டாவது, ஒவ்வொரு பொறியும் தனித்தனியே எத்தனை நாட்கள் பயனற்றுக் கிடந்தது என்பது. மூன்றாவது, பாரமின்றி எத்தனை மணி நேரம் ஓடியது என்பது. முதல் எண் தாழ்ந்தால் மூன்றாவது எண் உயரும். இவ்விரண்டையும் அருகருகே எழுதிப் பார்த்தால் புகையின் காரணம் கண்முன் நிற்கும்.

களப் பணியாளருக்கும் ஆசிரியருக்கும்

களப் பணியாளர்களே! ரயில்வேயில் இருப்பவர்களுக்கு மட்டும் இதை நான் கூறவில்லை. மருத்துவமனை, குடிநீர் ஏற்றும் நிலையம், தொலைபேசிக் கோபுரம், குளிர்பதனக் கிடங்கு ஆகியவற்றில் இரட்டை ஜெனரேட்டர்களைப் பேணும் அனைவருக்கும் இது பொருந்தும். "ஒன்று போனாலும் மற்றொன்று உண்டு" என்னும் இடங்களில் முதலில் தேட வேண்டியது, இரண்டுக்கும் பொதுவானது எது என்பதை. ஒரே தொட்டியா, ஒரே பாட்டரியா, ஒரே காற்றுவழியா, ஒரே கட்டுப்பாட்டுப் பெட்டியா? அங்கேதான் இரண்டும் ஒருசேர நிற்கும் இடம் இருக்கிறது. அடுத்து, முறை வைத்து ஒவ்வொன்றையும் கிளப்பிப் பாருங்கள். கிளப்பிப் பார்க்கப்படாத மாற்றுப் பொறி, மாற்றுப் பொறி என்று எழுதப்பட்ட பலகை மட்டுமே. மூன்றாவதாக, வேலை தடைப்படாத பழுதையும் எழுதுங்கள். தடைப்பட்ட பழுது தானே தன்னை அறிவித்துக்கொள்ளும். தடைப்படாத பழுதை அறிவிக்க உங்கள் பேனாவைத் தவிர வேறு வாய் கிடையாது. மேலதிகாரிகள் அதைப் படிக்கக் கடமைப்பட்டவர்கள். குறைகளை நேர்மையாக எழுதியவரைக் குறை கூறாதிருக்கவும் கடமைப்பட்டவர்கள்.

ஆசிரியர்கள் இதை வகுப்பில் செய்து காட்டலாம். மூன்று பைகள், ஒவ்வொன்றிலும் பத்துப் புளியங்கொட்டைகள், அவற்றுள் ஒன்றில் மட்டும் சுண்ணாம்புப் பொட்டு. மூன்று மாணவர்கள் பார்க்காமல் ஆளுக்கொன்று எடுக்கட்டும். பொட்டு வந்தால் அன்று அப்பொறி பழுது. எடுத்த கொட்டையைத் திரும்பப் போட்டு நூறு முறை செய்து, எத்தனை முறை இரண்டாவது நலமாயிருந்தன, எத்தனை முறை ஒன்றாவது பழுதுற்றது என்று எழுதச் சொல்லுங்கள். பின்னர் நான்காவது பை ஒன்றை வைத்து, அதில் பொட்டு வந்தால் மூன்று பொறிகளும் நின்றன என்று விதி செய்யுங்கள். மீண்டும் நூறு முறை. நிகழ்தகவின் பெருக்கல் விதியும், பொதுக் காரணத்தால் வரும் பழுதும் கரும்பலகையில் எழுதாமலே மாணவர் மனத்தில் பதியும்.

"இனி டீசலைப் பற்றிய பேச்சு எதற்கு?" என்று கேட்போர் இருக்கலாம். நம் அகலப் பாதைகள் ஏறத்தாழ முழுவதும் மின்மயமாகிவிட்டன என்பது உண்மை, பெருமைக்குரிய சாதனை. ஆனால் புயலில் மேல்நிலை மின்கம்பி அறுந்த பாதைக்கு மீட்பு வண்டியை இழுத்துச் செல்வது எது? நெடுநாள் ஓய்வாகக் கிடந்து, அழைத்த கணத்தில் கிளம்ப வேண்டிய டீசல் எஞ்சினே. நம் விரைவு வண்டிகள் சிலவற்றில் விளக்குக்கும் குளிர்பதனத்துக்கும் ஓயாது இரைந்துகொண்டிருந்த ஜெனரேட்டர் பெட்டிகளின் வேலையை, இன்று மின்சார எஞ்சினே மேல்நிலைக் கம்பியிலிருந்து பெற்றுத் தருகிறது. ஜெனரேட்டர் பெட்டி ஓசையற்ற காவலனாக உடன் வருகிறது. அண்டை நாடான இலங்கையில் ரயில்கள் இன்றும் டீசலாலேயே ஓடுகின்றன. ஆகவே டீசலின் பணி குறைந்துவிட்டது. ஆனால் எஞ்சிய பணி, எப்போதோ ஒரு முறை தவறாமல் கிளம்ப வேண்டிய பணி. கிளம்பும் நம்பகத்தன்மையின் மதிப்பு முன்னைவிட இப்போது கூடியிருக்கிறது.

பல பொறி எஞ்சினை நான் வெறுப்பவன் அல்லேன். அதன் அடிப்படை எண்ணம் அறிவுக்கு உகந்தது. ஆனால் அதை வாங்குவோர் மூன்று பொறிகளோடு மும்மடங்கு பேணுதலையும், மாற்றுப் பொறியையும், உண்மையை எழுதும் பதிவேட்டையும் சேர்த்து வாங்க வேண்டும். அவற்றுக்குப் பணமும் மனமும் இல்லையெனில், நன்கு பேணப்பட்ட ஒற்றைப் பொறியும் ஒரு சிறு துணைப்பொறியுமே நமக்கு ஏற்றவை என்பேன்.

ரிச்சர்ட்ஸ் டவுனில் எங்கள் கட்டடத்து ஜெனரேட்டர்களுக்கு இப்போது இரண்டு தொட்டிகள் இருக்கின்றன. காவலாளியின் பதிவேட்டை வாரந்தோறும் ஒருவர் படித்துக் கையெழுத்திட வேண்டும் என்பதும் விதியாயிற்று. இவ்வாரம் என்னுடைய முறை.